தண்ணி கேட்காத கார்: பழைய போர்ஷே 911-ஐப் பிரித்து மாட்டியவர்கள்

1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் மோட்டார் கண்காட்சியில் ஸ்டுட்கார்ட்டின் போர்ஷே கம்பெனி ஒரு புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எல்லாம் எங்களுடையது என்று பிரான்ஸின் பெஜோ கம்பெனி மல்லுக்கு வந்தது. வம்பு எதற்கு என்று 1964-இல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டார்கள். 911 என்ற பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

அந்தக் காரைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் முக்கால்வாசி கதை ஃபேக்டரி கேட்டோடு முடிந்துவிடுகிறது. கேட்டுக்கு வெளியே, பத்துப் பதினைந்து வருஷம் ஓடித் தேய்ந்த காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, வீட்டு ஷெட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கையெல்லாம் ஆயிலாகப் பிரித்து மாட்டியவர்களின் கதை இன்னும் சுவாரசியம்.

முதலில் இயந்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஆறு சிலிண்டர் இஞ்சின். பக்கத்துக்கு மூன்றாகப் படுக்க வைத்திருப்பார்கள். இருப்பது பின் சக்கர அச்சுக்கும் பின்னால்! ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு பெரிய ஃபேன் காற்றை அடித்து சிலிண்டர்களைக் குளிர வைக்கும். மீதிச் சூட்டை ஆயில் சுமந்து போகும். ஆயிலுக்கென்று தனி டேங்க் உண்டு. அதனால் ஆயில் அளவு பார்ப்பதே ஒரு சடங்கு. சமதளத்தில் நிறுத்தி, இஞ்சின் நன்றாகச் சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். இது தெரியாத புதுசுகள் காலையில் ஆறின இஞ்சினில் குச்சியை விட்டு, ஐயோ ஆயிலே இல்லையே என்று ஊற்றித் தள்ளிவிடுவார்கள். அப்புறம் அது காற்று வடிகட்டிக்குள் ஏறி, தெருவே தெரியாத அளவுக்குப் புகை கக்கும்.

இஞ்சின் பின்னால் தொங்குவதால் இன்னொரு தலைவலி. கேரியரில் மூட்டை கட்டிய சைக்கிளை வளைவில் ஒடித்தவர்களுக்கு இது உடனே புரியும். வேகமாக வளைவுக்குள் போய், பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். இதற்கு போர்ஷே ஆரம்பத்தில் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கு 11 கிலோ இரும்பை ஒளித்து வைத்தார்கள்! 1969 மாடலில்தான் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டி ஒழுங்காகச் சரி செய்தார்கள். ஆக, 911-ஐ முதன்முதலில் 'மாடிஃபை' செய்தது போர்ஷேதான். மற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

1972 அக்டோபரில் பாரிஸில் காட்டிய கரேரா ஆர்.எஸ். 2.7 இந்தக் கதையில் முக்கியமான ஆள். பந்தயத்தில் ஓட்ட அனுமதி வேண்டுமானால் 500 கார் செய்து விற்றாக வேண்டும் என்பது விதி. இவ்வளவு முரட்டு வண்டியை யார் வாங்குவார் என்று கம்பெனியின் விற்பனை ஆட்களே கையைப் பிசைந்தார்கள். 2.7 லிட்டர், 210 குதிரைத்திறன், லேசான வடிவத்தில் எடை 960 கிலோ. பின்னால் வாத்து வால் மாதிரி ஒரு தூக்கல். அது அழகுக்கு வைத்ததில்லை. வேகத்தில் பின்பக்கம் தரையைவிட்டு எழும்பப் பார்ப்பதைக் குறைப்பதற்காகக் காற்றுக் குகையில் சோதித்து வைத்தது. அந்த 500 சில வாரங்களில் தீர்ந்துவிட்டது. கடைசியில் 1,580 கார்கள் செய்தார்கள். பிற்காலத்தில் உலகமெங்கும் சாதா 911 வைத்திருந்தவன் எல்லாம் தன் வண்டிக்கும் ஒரு வாத்து வால் ஒட்டிக்கொண்டதற்கு இந்த 1,580 கார்கள்தான் காரணம்.

அடுத்து வந்ததுதான் வில்லங்கம். 1974 முதல் 1977 வரை சாதா 911-களுக்கும் 2.7 லிட்டர் இஞ்சின் போட்டார்கள். அந்த இஞ்சினின் அடிக்கூடு மெக்னீசியம். லேசான உலோகம், ஆனால் சூட்டில் விரியும், மெத்து. சிலிண்டரின் தலையை இறுக்கிப் பிடிக்கும் நீள ஸ்டட்கள் அதிலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். புகைக் கட்டுப்பாட்டுக்காக 'தெர்மல் ரியாக்டர்' என்று ஒன்றை மாட்டினார்கள். எரியாத பெட்ரோல் ஆவியைப் புகைக்குழாயிலேயே எரிக்கும் அடுப்பு அது. ஏற்கனவே காற்றில் மட்டும் குளிர வேண்டிய இஞ்சினுக்குக் கீழே அடுப்பு மூட்டினால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, பதினோரு இறக்கை இருந்த ஃபேனை 1976-இல் ஐந்து இறக்கை ஆக்கினார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் ஏற ஏற விசிறியைக் குறைத்த கதை!

இஞ்சின் போய்விட்ட இந்தக் கார்கள் மலிவாகக் கிடைத்தன. காசில்லாத பிரியர்கள் உள்ளே வந்தது அந்த வாசல் வழியாகத்தான். பிரித்தார்கள். லேத்தில் கொடுத்து, பிடுங்கிய ஓட்டைகளைப் பெரிதாக்கி, எஃகு உறை இறக்கிப் புது மரை போட்டார்கள். ரியாக்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய மாடல் புகைக்குழாய்களை மாட்டினார்கள். பதினோரு இறக்கை ஃபேன் திரும்பி வந்தது. இந்த வேலைகளையெல்லாம் செய்து முடித்த 2.7 இஞ்சின், ஃபேக்டரியிலிருந்து வந்ததைவிட நல்ல இஞ்சின் என்பது மெக்கானிக்குகள் மத்தியில் சாதாரணப் பேச்சு.

1978-இல் வந்த எஸ்.சி. மாடலில் மெக்னீசியம் போய் அலுமினியம் வந்தது. அது கெட்டியான வண்டி. அதற்கும் வியாதிகள் இருந்தன. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கைவிட்டால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். குளிர் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இஞ்சின் ஒரு தடவை தும்மினால் பிளாஸ்டிக் காற்றுப்பெட்டி வெடித்துவிடும். இதற்குப் பிரியர்கள் கண்ட வழி, அந்தப் பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்றை ஒட்டுவது. தும்மினால் மூடி திறந்து அழுத்தம் வெளியே போய்விடும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். சோற்றுப் பானை மூடியைப் பார்த்த யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் எத்தனை ஆயிரம் செலவை மிச்சப்படுத்தியது! டென்ஷனருக்கு 1984-இல் போர்ஷேவே ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் புது வகையைக் கொண்டுவந்தது. பழைய கார் வைத்திருந்தவர்கள் அதை வாங்கித் தங்கள் இஞ்சினில் ஏற்றிக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் 911-க்கே சங்கு ஊத இருந்தார்கள். 1970-களில் தலைமையில் இருந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மனுக்கு, முன்னால் இஞ்சினும் தண்ணீரில் குளிர்வதுமான 928 தான் எதிர்காலம் என்று எண்ணம். 1981-இல் தலைமைக்கு வந்தவர் பீட்டர் ஷூட்ஸ். பெர்லினில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் வளர்ந்த இஞ்சினியர். பொறியியல் தலைவர் ஹெல்முத் போட் அறையில் ஒரு வரைபடம் மாட்டியிருந்ததாம். அதில் மற்ற மாடல்களின் கோடுகள் நீண்டு போக, 911-இன் கோடு மட்டும் 1981-இல் நின்றிருந்தது. ஷூட்ஸ் மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டைத் தாளைத் தாண்டி, சுவரில் இழுத்து, கதவுக்கு வெளியே வரை கொண்டுபோனார் என்பது அவரே பிற்பாடு சொன்ன கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் கார் பிழைத்தது நிஜம்.

அதே 1981-இல், பவேரியாவின் ஃபாஃபன்ஹவுசன் என்ற சின்ன ஊரில் இருந்த ரூஃப் என்ற ஒர்க்ஷாப்புக்கு ஜெர்மன் அரசு தனிக் கார் உற்பத்தியாளர் என்ற அந்தஸ்தே கொடுத்தது. அப்பா அலோய்ஸ் ரூஃப் 1939-இல் ஆரம்பித்த இடம். 1974-இல் மகன் அலோய்ஸ் கைக்கு வந்தது. போர்ஷே தன் டர்போ காருக்கு நாலு கியர் போதும் என்று உட்கார்ந்திருந்த காலத்தில் ரூஃப் ஐந்து கியர் பெட்டி செய்து மாட்டினார். 1987-இல் அவர்கள் செய்த சி.டி.ஆர். காருக்கு 3.4 லிட்டர், இரண்டு டர்போ, 469 குதிரைத்திறன். கூரை ஓரத்து மழைநீர்க் காடியைக்கூடக் காற்று தடுக்கும் என்று இழைத்து எடுத்துவிட்டார்கள். எரா-லெசியன் சோதனைப் பாதையில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை நடத்திய பந்தயத்தில் அது மணிக்கு 339 கிலோமீட்டரைத் தொட்டது. போர்ஷேயின் சொந்த 959 உட்பட வந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் பின்னால்தான்! அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் வைத்த 'யெல்லோபேர்ட்' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. ஸ்டெஃபான் ரோசர் என்ற ஓட்டுநர் வெள்ளை சாக்ஸ், சாதாரண ஷூவோடு அதை நூர்பர்க்ரிங்கில் கோணல்மாணலாக ஓட்டிய படம் ஒன்று உண்டு. ஹெல்மெட்டும் கிடையாது. (வீட்டில் முயற்சிக்க வேண்டாம்!)

அமெரிக்காவில் வேறு கூத்து. 1980 முதல் 1985 வரை 911 டர்போவை போர்ஷே அங்கே விற்கவில்லை. ஆசைப்பட்டவர்கள் ஜெர்மனியில் வாங்கிக் கப்பலில் ஏற்றி, அமெரிக்க விதிக்கேற்ப மாற்றி ஓட்டினார்கள். இந்தப் பக்கவாட்டு வியாபாரம் பெருத்ததும், 1988-இல் சட்டம் போட்டு வாசலை இறுக்கினார்கள். 25 வருடம் கடந்த கார்களுக்கு அந்த விதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது.

எண்பதுகளின் மோகம், பழைய காரைப் புதுசு மாதிரி காட்டுவது. 935 பந்தயக் காரைப் பார்த்து, உருண்டையான முன் விளக்குகளை வெட்டி எறிந்து, மூக்கைச் சப்பையாக்கினார்கள். தொண்ணூறுகளின் முடிவில் காற்று திசை மாறியது. புதுசைப் பழசாக்குவது வந்தது. 1999-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர் குரூப்பே என்ற குழு, அறுபது எழுபதுகளின் பந்தயக் கார் மாதிரி இளைத்து, சத்தமாக, தழும்போடு இருக்கும் 911-களைக் கொண்டாடியது. அங்கே பளபளப்புக்கு மதிப்பில்லை. ஷெஃபீல்டிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போய் பிழைத்த மேக்னஸ் வாக்கர் 1992-இல் வாங்கிய முதல் 911-இன் விலை 7,500 டாலர். 1974 மாடல், அதுவும் யாரோ மூக்கை வெட்டிச் சப்பையாக்கியது! அவரைப் பற்றிய 'அர்பன் அவுட்லா' படம் 2012-இல் வந்தபோது, நீளத் தாடியும் தலைமயிர்ச் சடையுமாக ஓர் ஆள் பழைய போர்ஷேக்களை இஷ்டத்துக்கு மாற்றுவதை உலகமே பார்த்தது.

விலை ஏறத் தொடங்கியது ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். 1998-இல் கடைசி காற்றுக் குளிர்ச்சி 911 செய்து முடித்தாயிற்று. இனி வரப்போவதில்லை என்பதன் அர்த்தம் பணக்காரர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. 2014-இல் ஆர்.எஸ். 2.7 அமெரிக்க ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அது போனால் போகட்டும், எப்போதுமே அரிய கார். ஆனால் அதன் பின்னாலேயே எஸ்.சி.யும், ஒரு காலத்தில் யாரும் சீந்தாத 2.7-ம் ஏறின.

ஏலக்காரர்களின் கணக்கு வேறு. இஞ்சின் எண் ஃபேக்டரிப் பதிவோடு ஒத்துப்போகிறதா, பெயிண்ட் முதலில் அடித்ததா, எது மாற்றப்பட்டிருக்கிறது? முப்பது வருடம் ஒரு காரை உயிரோடு வைத்திருந்த ஒவ்வொரு மாற்றமும் இந்தக் கணக்கில் கழித்தல் குறி. வாத்து வால் ஒட்டி, வேறு இஞ்சின் போட்டு, விடிய விடிய ஓட்டிய காரை இப்போது பெரும் பணம் செலவழித்துப் 'பழையபடி' ஆக்குகிறார்கள். தூக்கி எறிந்த பாகங்களைத் தேடி அலைகிறார்கள். சப்பை மூக்குக்கு மறுபடி டிங்கரிங் வேலை பார்த்து உருண்டை விளக்கு வைக்கிறார்கள். இதில் ஒரு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது. அந்த மாற்றங்கள் இல்லையென்றால் அவற்றில் பாதி பழைய இரும்புக்கடைக்குப் போயிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. ஜப்பானின் சிபாவில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அகிரா நகாய், வாடிக்கையாளர் கண்ணெதிரே ரம்பத்தால் சக்கர வளைவுகளை அறுத்து, அகலமான மட்கார்டுகளைத் திருகி மாட்டுவார். ஒரே ஆள், கையால். ரசிகர்கள் அவரை நாடு நாடாக அழைக்கிறார்கள். அறுத்த தகடு திரும்ப வராது என்று திட்டுபவர்களும் அதே அளவு. எண்ணிக்கை இனி கூடாத ஒரு காரில் இந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2009-இல் கலிபோர்னியாவில் ராப் டிக்கின்சன் ஆரம்பித்த சிங்கர் கம்பெனி 1989-க்குப் பிந்தைய 964 மாடலை எடுத்து, எழுபதுகளின் தோற்றத்தில் நகை வேலை மாதிரி திரும்பக் கட்டுகிறது. (டிக்கின்சன் முன்பு ராக் இசைக்குழுப் பாடகர். அதனால் சிங்கர். 935-ஐ உருவாக்கிய நார்பெர்ட் சிங்கருக்கும் அது மரியாதை.) விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வீட்டு ஷெட்டில் பிறந்த ரசனைதான் அது. ஆனால் அந்த ஷெட்டில் இருந்தவரால் இப்போது அதை வாங்க முடியாது.

அவர்கள் எங்கே போனார்கள்? நிறையப் பேர் 996-க்குப் போனார்கள். 1997-இல் வந்த முதல் தண்ணீர்க் குளிர்ச்சி 911 அது. பொரித்த முட்டை மாதிரி முன் விளக்கு என்று வந்த நாள் முதல் கேலி. இஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து முழு இஞ்சினையும் பலி வாங்கும். இது அமெரிக்காவில் வழக்காகி 2013-இல் சமரசத்தில் முடிந்தது. பயந்தவர்கள் விற்றார்கள், விலை சரிந்தது. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றும்போதே அந்தப் பேரிங்கையும் கழற்றி, பீங்கான் உருண்டை வைத்த உறுதியான வகையை ஏற்றிவிடலாம் என்பதை வெளி ஒர்க்ஷாப்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இப்போது 996 விற்பவர் முதலில் நீட்டுவது அந்த பேரிங் மாற்றிய பில்லைத்தான். வாங்க வந்தவர் அதைத்தான் முதலில் கேட்கிறார்.