தோஃபார் மலைகளில் சிறுவிமானங்கள்

ஓமானின் தென்கோடியில் உள்ள தோஃபார் பகுதிக்குத் தலைநகர் சலாலா. கடலோரத்தில் குறுகிய சமவெளி. அதன் பின்னே கமர், கரா, சம்ஹான் என்னும் மலைத்தொடர்கள். அவற்றுக்கு வடக்கே நெஜ்த் பாலை. மலையின் கடல்முகத்தை வாதி தர்பாத், வாதி நஹீஸ் முதலிய ஆறுகள் ஆழமாக அறுத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது ஏடனுக்கும் கராச்சிக்கும் இடையிலான வான்வழியில் ஓர் இடைத்தங்கலாகச் சலாலாவைப் பிரிட்டிஷ் விமானப் படை பயன்படுத்தியது. 1950-களில் எண்ணெய் தேடி வந்தவர்கள் மலைக்கு அப்பால், இன்றைய தும்ரைத் பகுதியில், ஓர் ஓடுபாதை அமைத்தனர். இரண்டையும் இணைத்தது கரடுமுரடான ஒற்றைப் பாதை.

சுல்தானின் ஆட்சியை எதிர்த்து 1965-இல் தொடங்கிய கிளர்ச்சி 1970-க்குள் மலையின் பெரும்பகுதியைக் கைப்பற்றி அப்பாதையையும் துண்டித்தது. அதன்பின் மலைக்காவல் நிலைகளுக்கு உணவு, குடிநீர், வெடிமருந்து அனைத்தும் வான்வழியே போயின. 1959-இல் தொடங்கப்பட்ட ஓமான் சுல்தானின் விமானப் படை இதற்கு பீவர், ஸ்கைவேன் போன்ற விமானங்களைப் பயன்படுத்தியது. குட்டையான மண் ஓடுபாதையிலும் இறங்கி ஏறுவது இவற்றின் சிறப்பு. பின்புறம் திறக்கும் ஸ்கைவேனில் சரக்கை நேராக உள்ளே தள்ளிவிடலாம். 1971 அக்டோபரில் சுல்தானின் படைகள் கிழக்கு மலையில் ஏறியபோது, முதலில் பிடித்த இடங்களுள் ஒன்று ஓர் ஓடுபாதைதான்.

பள்ளத்தாக்குக்குள் பறப்பதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. உள்ளே போகப் போக ஆற்றுப்படுகை உயர்ந்து, சுவர்கள் நெருங்கும். விமானம் ஏறும் வேகத்தைத் தரை மிஞ்சிவிட்டால் திரும்ப இடமிருக்காது. அதனால் நடுவில் செல்லாமல் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறப்பதே மலைவிமானிகளின் பொது வழக்கம். போர்க்காலத்தில் முகட்டில் இருக்கும் துப்பாக்கிக்கு விமானம் கீழே அகப்படும் என்பது மற்றோர் ஆபத்து.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கரீஃப் பருவம் இதை மேலும் கடினமாக்கியது. குற்றாலத்துக்குச் சாரல் தரும் அதே தென்மேற்குக் காற்று தோஃபாரின் கடல்முக மலைகளையும் மேகத்தில் மூழ்கடிக்கிறது. கடலோர நீர் குளிர்ந்திருப்பதால் மேகம் உயராமல் சரிவோடு ஒட்டிக்கொள்ளும். முகட்டுக்கு வடக்கே தும்ரைத்தில் வெயில் அடிக்கும். 1972 ஜூலை 19 அன்று கடலோர ஊரான மிர்பாத்தைக் கிளர்ச்சியாளர்கள் தாக்கியபோது, சலாலாவிலிருந்து கிளம்பிய ஸ்ட்ரைக்மாஸ்டர் தாக்குதல் விமானங்கள் அந்த மேகத்துக்கு அடியில், மிகத் தாழப் பறந்தே உதவிக்கு வந்தன.

1975 ஆகஸ்டில் தோளில் வைத்து ஏவும் சாம்-7 ஏவுகணை ஒரு ஸ்ட்ரைக்மாஸ்டரை வீழ்த்தியதும் விமானங்களுக்கு ஆபத்து மேலும் கூடியது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் சுல்தான் காபூஸ் போர் முடிந்ததாக அறிவித்தார். 1977-இல் பிரிட்டிஷ் விமானப் படை சலாலாவை விட்டு வெளியேறியது. பின்னர் மலையூர்களுக்குத் தார்ச்சாலைகள் போடப்பட்டன. சிறுவிமானங்கள் சுமந்த சரக்கை லாரிகள் ஏற்றுக்கொண்டன. 2015-இல் திறக்கப்பட்ட சலாலாவின் புதிய விமான நிலையம் பெரிய பயணிகள் விமானங்களுக்கானது. கரீஃப் காலத்தில்தான் அங்கே கூட்டம் மிகுதி.