டிவி கேம் பெட்டி வாத்தியாரான கதை

"எப்பப் பாரு கேமு, படிப்பு எங்கே உருப்படும்?" என்பது நம்ம ஊரில் எல்லா வீட்டிலும் கேட்ட வசனம். ஆனால் கேம் கன்சோல் என்ற சாதனம் பிறந்த நாளிலேயே பாடப்புத்தகத்தையும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் பிறந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

வீட்டு டிவியில் மாட்டி விளையாடும் முதல் கன்சோல் 1972ல் அமெரிக்காவில் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி. அதற்கு மூல காரணம் ரால்ஃப் பேர் என்ற என்ஜினியர். உள்ளே பிராசசரும் கிடையாது, மெமரியும் கிடையாது. திரையில் ரெண்டு மூணு வெள்ளைப் புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் டிவி கண்ணாடி மேல் ஒட்டும் வண்ண பிளாஸ்டிக் தாள் பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு தாள் அமெரிக்க மாநிலங்களின் வரைபடம்! கூடவே கேள்வி அட்டைகள். எண் கணக்கை வைத்து ஆடும் 'அனலாஜிக்' என்று இன்னொரு விளையாட்டும் இருந்தது. கவனிங்க, இங்கே பெட்டிக்குப் பாடமே தெரியாது. பாடம் இருந்தது அட்டையில். ஸ்கோர் வைத்துக்கொள்வது கூட மனுஷங்க வேலைதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

அடுத்து அட்டாரி. 1977ல் அதன் 2600 கன்சோலோடு வந்த முதல் ஒன்பது கேம்களில் ஒன்றின் பெயர் 'பேசிக் மேத்'. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். பீரங்கியும் போர் விமானமும் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பையன் வகுத்தலைத் தேடிப் போவான்? :-)

எனக்குப் பிடிச்சது அதற்கப்புறம் வந்த 'பேசிக் ப்ரோக்ராமிங்' கேட்ரிட்ஜ்தான். எழுதியவர் வாரன் ராபினெட். 'அட்வென்ச்சர்' கேமுக்குள் தன் பெயரை ரகசிய அறையில் ஒளித்து வைத்தாரே, அதே ஆள்தான். 2600ல் மொத்த ராம் 128 பைட். கேபி, எம்பி எல்லாம் இல்லை, வெறும் பைட்! இந்தப் பத்தியே அதில் அடங்காது. அதற்குள் ஒரு ப்ரோக்ராமிங் மொழியைத் திணித்திருந்தார். பொட்டி தட்டிச் சோறு தின்கிறவன் என்ற முறையில் எழுந்து நின்று கும்பிடத் தோணுது. பாவம், படிக்கிற பசங்களுக்கு நாலு வரி எழுதுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அட்டாரியை விட்டு வெளியே வந்த ராபினெட், 'தி லேர்னிங் கம்பெனி'யைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1982ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு 'ராக்கீஸ் பூட்ஸ்' செய்தார். காலேஜில் நாம் மண்டையை உடைத்துக்கொண்ட ஆண்ட், ஆர், நாட் கேட் எல்லாம் அதில் குழந்தைகளுக்கு விளையாட்டு.

ஜப்பானில் 1983ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தது. அதே வருஷக் கடைசியில் 'டாங்கி காங் ஜூனியர் மேத்'. குரங்குக்குட்டி கொடியில் ஏறி எண்களைப் பிடித்துக் கணக்குப் போடணும். பெரிசா எடுபடலை. குழந்தைகள் விவரம். மிட்டாய்க்குள் மாத்திரை வைத்தால் மிட்டாயைச் சப்பிவிட்டு மாத்திரையைத் துப்பிடுவாங்க. 1984ல் கீபோர்டோடு 'ஃபேமிலி பேசிக்' வந்தது.

அந்தக் கீபோர்டு ஐடியாவை ஊதிப் பெருசாக்கினது சீனா. 1990களில் சுபோர் என்ற கம்பெனி, ஃபேமிகாம் நகல் ஒன்றைக் கீபோர்டு வடிவத்தில் செய்து 'படிப்பு மெஷின்' என்று விற்றது. விளம்பரத்தில் ஜாக்கி சான்! பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்க வசதியில்லாத அப்பா அம்மாக்கள் நம்பி வாங்கினார்கள். பிள்ளைகள் மரியோ ஆடின. அப்படியும் சிலர் அதில்தான் தட்டச்சும் பேசிக்கும் பழகினார்கள். அந்தக் கம்பெனியை வளர்த்த துவான் யோங்பிங் 1995ல் வெளியே வந்து பிபிகே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஓப்போ, விவோ போன்கள் அந்த வழிவந்தவைதான். 2000ல் சீன அரசு கன்சோல் விற்பனைக்குத் தடை போட்டது. அது முழுசா நீங்கியது 2015ல்.

இந்த மாதிரி நகல் பெட்டிகள் இந்தியாவுக்கும் வந்து குவிந்தன. 'டிவி கேம்' என்று நாம் சொன்னது அதைத்தான். 2008 வாக்கில் டெரக் லோமாஸ் என்ற அமெரிக்கரும் நண்பர்களும் 'ப்ளேபவர்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். 12 டாலருக்குக் கிடைக்கும் இந்தப் பெட்டிக்கு நல்ல கல்வி கேம்கள் எழுதுவோம், டிவி இருக்கிற ஏழை வீட்டுக்கும் போய்ச் சேரும் என்பது கணக்கு. அருமையான யோசனை. ஆனால் சீக்கிரமே மலிவு விலை ஆண்ட்ராய்டு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதெல்லாம் வீட்டுக் கதை. வகுப்பறைக்குள் கன்சோலை முறையாகக் கொண்டுபோனது ஸ்காட்லாந்து. அங்கே அரசின் பாடத்திட்ட அமைப்பில் 'கன்சோலேரியம்' என்று ஒரு பிரிவு. நடத்தியவர் டெரக் ராபர்ட்சன், முன்னாள் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். 2008ல் 32 பள்ளிகளில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகள் ஒன்பது வாரம், தினமும் 20 நிமிஷம் நின்டெண்டோ டிஎஸ்ஸில் 'பிரெயின் ட்ரெயினிங்' ஆடினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பாடம். கடைசியில் கணக்குத் தேர்வு வைத்தால் இரண்டு கூட்டமும் முன்னேறியிருந்தது, கேம் ஆடிய கூட்டம் கூடுதலாக. தேர்வை முடிக்கும் நேரமும் பதினெட்டரை நிமிஷத்திலிருந்து பதிமூன்றரையாகக் குறைந்தது.

சபாஷ் போடும் முன் ஒரு கேள்வி. தினமும் 20 நிமிஷம் மனக்கணக்கு போட்டால் வாய்ப்பாடு வரத்தானே செய்யும்? அதற்கு கன்சோல் எதுக்கு, திண்ணைப் பள்ளிக்கூடமே போதுமே? நியாயமான கேள்விதான். ஆனால் திண்ணையில் பிரம்பு செய்த வேலையை இங்கே பிள்ளையே ஆசையாகச் செய்தது. அந்த வித்தியாசத்தைச் சின்னதென்று என்னால் தள்ள முடியலை.

இதைவிட அழகு ஒன்று இருக்கு. 'நின்டெண்டாக்ஸ்' கேமில் நாய்க்குட்டி வளர்க்கலாம். அங்கே சின்ன வகுப்பில் அதைக் கொடுத்தபோது டீச்சர் அதோடு விடலை. நாயைப் பற்றி எழுதச் சொன்னார், வரையச் சொன்னார், அதற்குச் செலவுக் கணக்கு போடச் சொன்னார். கேமுக்குள் ஒரு வரி பாடமும் இல்லை. பாடம் முழுக்க வெளியே, டீச்சர் கையில்.

ஒடிஸியை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான். முப்பத்தஞ்சு வருஷம் பெட்டிக்குள்ளே பாடத்தை அடைக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் புள்ளியும் அட்டையும் வைத்து ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார்கள். இன்றைக்கு டேப்லெட்டும் கற்றல் ஆப்பும் வாங்கி மாட்டினால் பள்ளி உயர்ந்துவிடும் என்று ஆயிரக்கணக்கில் வசூலிக்கிறார்கள். பெட்டிக்குச் செலவழிக்கும் முன்னே, பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் அப்படி ஆச்சு?" என்று பிள்ளையைக் கேட்க ஒரு ஆள் இருக்காரான்னு பாருங்க. அந்த ஆள் இருந்தால் 500 ரூபாய் டிவி கேமே போதும்.