மீன் தொட்டியும் காந்தமும்: ஒரு சின்ன வரலாறு

எங்கள் வீட்டு ஹாலில் இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு போனஸ் வந்த மாதம் கொளத்தூர் வரை போய் ஆசையாக வாங்கி வந்தது. அதன் முன்பக்கக் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். போட்டது நான்தான். பாசியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று காந்தத் துடைப்பானை வேகமாக இழுத்தேன். நடுவில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தது. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில் இந்தப் பொருளின் கதையைத் தேடிப் படித்தேன் நண்பர்களே. அதுதான் இந்தக் கட்டுரை.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், சுமார் 12 கேலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்க மீன்களையும், நாடா போல இலை உள்ள வாலிஸ்னேரியா செடியையும் வளர்த்துப் பார்த்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமில வாயு தரும். வரவும் செலவும் சரியாகிவிடும் என்பது கணக்கு. ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை படிந்தது. காமர்ஸ் பாஷையில் சொன்னால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை! பிறகு அவர் சில குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகியதையும் வழுவழுப்பையும் தின்று தீர்த்தன. அவற்றின் முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. கணக்கு நேரானது. 1850-ல் இதை வெளியிட்டார். அந்தத் தொட்டியின் துடைப்பான் நத்தைதான்.

1845-லேயே பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடி மலிவாகியிருந்தது. 1853-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவின் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தார்கள். அதற்குத் துணை நின்ற பிலிப் ஹென்றி காஸ் 1854-ல் 'தி அக்வேரியம்' என்ற புத்தகத்தை எழுத, வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பிடித்துக்கொண்டது. கடற்கரைப் பாறைக் குட்டைகளைச் சேகரிப்பாளர்கள் சூறையாடிவிட்டதை, அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வருத்தத்தோடு எழுதினார். அழகைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசைக்கும் ஒரு விலை இருக்கிறது.

காந்தத்தின் கதை தனி. 1931-ல் ஜப்பானின் மிஷிமா, இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்து வலுவான காந்தம் செய்தார். 1950-களில் மலிவான ஃபெரைட் காந்தங்கள் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். தூரம் கூடக் கூட காந்தத்தின் இழுவிசை வேகமாகக் குறையும். அதனால் தடித்த கண்ணாடிக்கு இந்த நியோடிமியம்தான் கை கொடுக்கிறது. உள்ளே ஒரு பாதி, வெளியே ஒரு பாதி. கையை நனைக்காமலே வேலை முடிகிறது.

ஆனால் அதே பலம்தான் ஆபத்தும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. கண்ணாடியோ 5.5 அளவில். காந்தம் அழுத்திப் பிடித்திருக்கும்போது நடுவில் ஒரு துகள் போதும், கீறல் நிச்சயம். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

ஒவ்வொரு முறையும் உள்பாதியை எடுத்துக் கழுவி, விரலால் தடவிப் பார்த்த பிறகே ஓட்டவும். மணலுக்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தவும். உள்பாதி கழன்று மணலில் விழுந்தால் அப்படியே இழுக்காமல் எடுத்துக் கழுவவும். கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்ற காந்தம் வாங்கவும். மூலைகளில் உள்ள சிலிக்கான் பசையைத் தேய்க்க வேண்டாம், தொட்டி ஒழுகும். அக்ரிலிக் தொட்டி சீக்கிரம் கீறும், அதற்கென்று உள்ள மென்மையான துணி வேண்டும். வேலை முடிந்ததும் காய வைக்கவும். உறையில் விரிசல் விட்டால் நியோடிமியம் துருப்பிடிக்கும். இரண்டு பாதிக்கும் நடுவே விரலை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை :-)

கடைசியாக ஒன்று. கணக்கில் வித்தியாசம் வந்தால் தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். தவறு எங்கே என்று பிறகு தேடியே ஆக வேண்டும். காந்தத் துடைப்பானும் அப்படித்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை பச்சை படிந்தால் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. எங்கள் தொட்டி ஜன்னல் வெயிலில் இருந்தது. போதாக்குறைக்கு நான் வேறு அள்ளி அள்ளி உணவு போட்டுக்கொண்டிருந்தேன். தொட்டியை இடம் மாற்றி, உணவைக் குறைத்த பிறகு வாரம் ஒருமுறை துடைத்தால் போதுமாக இருக்கிறது.

கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா தினமும் அதன் வழியாகத்தான் மீன்களைப் பார்க்கிறார்.