எரிந்த குறிப்புகளும் எஞ்சிய ஊரும்

சமூகவியல் ஆய்வு என்றதும் வினாப்பட்டியலையும் விழுக்காட்டையும் எண்ணி முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் வட்டத்தில் உண்டு. அவர்கள் பொருட்டே இவ்வரலாற்றைச் சொல்லத் துணிகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணாக்கரிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்துச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நிலம், கூலி, கடன், கால்நடை என அவர்கள் திரட்டிய செய்திகள் 1918இல் நூலாயின. அம்முயற்சியின் பெரும்பயன் பின்னரே விளங்கிற்று. 1936-37இல் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினர். இருவேல்பட்டு என்னும் ஊரிலோ அதன் பிறகும் பன்முறை ஆய்வு நடந்தது. ஒரே ஊரைத் தலைமுறை இடைவெளியில் மீண்டும் அளந்தால் மாற்றத்தை ஊகிக்க வேண்டுவதில்லை, கண்ணால் காணலாம். ஆயினும், கடன்பட்டவன் கடன் கொடுத்தவன் வாசலில் எப்படி நிற்கிறான் என்பதைப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதை அறிய ஊரிலேயே தங்க வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில் டிரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி மாலினோவ்ஸ்கி நிலைநாட்டிய இம்முறைக்குப் 'பங்கேற்று நோக்கல்' என்று பெயர். ஆக்ஸ்போர்டில் பயின்ற எம்.என். சீனிவாஸ், 1948இல் மைசூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் இவ்வாறு தங்கினார். தம் எழுத்தில் அவ்வூருக்கு 'ராமபுரா' என்று புனைபெயர் இட்டார். அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்னும் மரபை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் இங்கே காரணம் வேறு: நம்பிக்கையோடு வாய் திறந்தவரைக் காக்கும் கடமை.

கருத்தாக்கம் என்பது நாற்காலியில் அமர்ந்து புனைவதன்று. தாழ்ந்த சாதியார் மேற்சாதியாரின் வழக்கங்களைக் கைக்கொள்வதைச் சீனிவாஸ் முதலில் 'பிராமணமயமாதல்' என்றார். எல்லா இடத்திலும் முன்மாதிரி பிராமணர் அல்லர் என்று தெளிந்தபின், 1952இல் வெளியான குடகர் பற்றிய நூலில் அதைச் 'சமஸ்கிருதமயமாதல்' என மாற்றினார். ராமபுராவோ இன்னொன்றைக் கற்பித்தது. சடங்கு வரிசையில் பிராமணர் மேல். ஆனால் நிலமும் ஆள்பலமும் கொண்ட ஒக்கலிகத் தலைவரின் திண்ணையில்தான் ஊர் வழக்குகள் தீர்ந்தன. 'ஆதிக்க சாதி' என்னும் கருத்து உருப்பெற்றதில் இவ்வூருக்குப் பெரும் பங்குண்டு.

1970 ஏப்ரல் 24 அன்று, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையத்தில் அவர் தங்கியிருந்தபோது, அவருடைய அறைக்குத் தீ வைக்கப்பட்டது. பல்லாண்டு உழைத்துப் பகுத்தெழுதிய குறிப்புகளின் மூன்று படிகளும் அங்கேதான் இருந்தன. மனமொடிந்தவரை, நினைவிலிருந்தே எழுதுமாறு சோல் டாக்ஸ் என்ற மானிடவியலறிஞர் ஊக்கினார். அவ்வாறு பிறந்த 'நினைவில் வாழும் கிராமம்' எனத்தக்க ஆங்கில நூல் 1976இல் வெளிவந்தது. அதில் ஊர்த்தலைவரும் குள்ளே கௌடரும் நாடு கௌடரும் நாவல் மாந்தர்போல் நடமாடுகின்றனர். அட்டவணைகள் எரிந்ததனால் மனிதர்கள் பிழைத்தார்கள் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் நினைவும் ஒரு திண்ணையில் அமர்ந்தே பார்க்கிறது. அவர் குடியிருந்தது ஊர்த்தலைவருக்குரிய மாட்டுக் கொட்டகை வீட்டில். தம் பார்வை மேற்சாதிச் சார்புடையது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பிழையை மறைக்காத இந்நேர்மையை நான் அந்நூலின் நடையழகினும் மேலாக மதிக்கிறேன்.

அவர் மாணவர் ஆந்திரே பெத்தேய், 1961-62இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆய்வு செய்து, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயரிட்டு எழுதினார். பிராமணரல்லாத அவருக்கு அக்கிரகாரத்தில் இடம் கிடைத்தது. அதற்கு விலையும் இருந்தது: அக்கிரகாரத்தாரோடு சேர்த்து எண்ணப்பட்டமையால் சேரிக்குள் இயல்பாகப் புழங்க முடியவில்லை. இருந்தும் 1965இல் வந்த அவர் நூல், ஊராட்சி அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டுப் பிராமணரல்லாதார் தெருவுக்குப் போய்விட்டதை, அந்த அக்கிரகாரத்து வீட்டிலிருந்தபடியே பதிவு செய்தது.