காருக்குள் பாட்டு வந்த கதை: வேறு வேறு கம்பெனி ஸ்பீக்கர் ஒன்றாகச் சேருமா?

ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ செண்பகத்தோப்புக்கு ஒரு பழைய அம்பாசடரில் நாலு பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். டேஷ்போர்டில் புது செட். முன் கதவுகளில் ஒரு கம்பெனி ஸ்பீக்கர். பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓவல் ஸ்பீக்கர் வேறு கம்பெனி. அதுவும் ஒரு பக்கம் ரிப்பேராகி மாற்றியதில் இடதும் வலதும் வெவ்வேறு. பாட்டு ஓடுகிறது, ஆனால் பாடகரின் குரல் ஒரு பக்கமாக இழுக்கிறது. பின்னால் உட்கார்ந்தவர் "சத்தத்தைக் குறை" என்கிறார், முன்னால் உட்கார்ந்தவர் "கூட்டு" என்கிறார்.

இப்படிக் கலந்து மாட்டுவது சரியா, தவறா? மெக்கானிக்கைக் கேட்டால் "ஒண்ணும் ஆகாது சார்" என்பார். ஆடியோ கடைக்காரரைக் கேட்டால் "முழு செட்டா மாத்திருங்க" என்பார். இரண்டு பதிலிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, காருக்குள் பாட்டு வந்த வரலாற்றில் இருக்கிறது.

ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்த காலம்

இன்று உலகம் முழுவதும் பயன்படும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் உருவாக்கினார்கள். காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய கூம்பு. நூறு வருடம் ஆகியும் இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை.

1930-ல் சிகாகோவின் கால்வின் கம்பெனி காருக்கென்று ஒரு ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா! பிற்காலத்தில் செல்போனில் பார்த்த அதே பெயர், கார் ரேடியோவுக்காகப் பிறந்தது. 1932-ல் ஜெர்மனியின் ப்ளாபங்க்ட் கம்பெனி ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவை வெளியிட்டது. அதன் எடை சுமார் 15 கிலோ. வால்வு ரேடியோ என்பதால் பேட்டரியின் சிறிய வோல்ட்டேஜைப் பல மடங்கு உயர்த்த தனிச் சாதனம் வேண்டியிருந்தது. 1955-ல் முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோ வந்த பிறகுதான் பெட்டி சின்னதானது.

இந்தியாவில் அம்பாசடர் 1950களின் கடைசியில் சாலைக்கு வந்தது. 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தயாரானது. பியட் 1100 பின்னாளில் பிரிமியர் பத்மினி ஆனது. இந்தக் கார்களில் ரேடியோ என்பது வசதி படைத்தவர்களின் விஷயம். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேறு கட்ட வேண்டும். இந்த முறை 1980களின் நடுவில்தான் ஒழிந்தது.

தென்மாவட்டக் காரில் என்ன கேட்டிருக்கும்? 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் ஒன்று. கடல் தாண்டி வந்த இலங்கை வானொலி இன்னொன்று. இரண்டுமே ஏ.எம். ஒலிபரப்பு, அதாவது மோனோ. உயர்ந்த சுருதி ஒலிகள் அதில் பெரும்பாலும் வெட்டப்பட்டே வரும். காரில் இருந்ததோ ஒரே ஒரு ஸ்பீக்கர். அது கெட்டால் கிடைத்த எந்தக் கம்பெனி ஸ்பீக்கரையும் மாட்டலாம், பெரிய வித்தியாசம் தெரியாது. "எந்த ஸ்பீக்கரா இருந்தா என்ன?" என்ற நம் ஊர்ப் பழக்கம் இந்தக் காலத்தின் பிள்ளை எனலாம்.

ரேடியோ செட்காரர்களின் பாடம்

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு தாயும் உண்டு. கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்றால் தென்மாவட்டங்களில் 'ரேடியோ செட்' கட்டாமல் இருக்காது. மரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் பல கம்பெனிகள் கலந்தே இருக்கும். 1940-ல் டெல்லியில் தொடங்கிய அஹுஜாவின் குழாய் ஒன்று, பெயர் தெரியாத குழாய் இரண்டு. ஆனாலும் திருவிழா தடையில்லாமல் நடந்தது. எப்படி?

நீண்ட தூரம் ஒயர் இழுக்கும் ரேடியோ செட்டில் ஆம்ப்ளிபயரிலிருந்து அதிக வோல்ட்டேஜில் லைன் போகும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சின்ன லைன் டிரான்ஸ்பார்மர் இருக்கும். அது தனக்கு வேண்டிய வாட் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும். எல்லாக் குழாய்களின் வாட்டையும் கூட்டினால் ஆம்ப்ளிபயரின் வாட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எந்தக் கம்பெனி என்பது அங்கே கேள்வியே இல்லை. மேலும் ஒரு குழாய் கிழக்குத் தெருவில், இன்னொன்று மேற்குத் தெருவில். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு ஒப்பிடும் காது எவருக்கும் இல்லை.

கார் அப்படியில்லை. அங்கே டிரான்ஸ்பார்மரும் இல்லை, தூரமும் இல்லை. நாலு ஸ்பீக்கரும் ஒரே மனிதரின் காதுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கின்றன.

இரண்டு காது, இரண்டு ஸ்பீக்கர்

1931-ல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளூம்லைன் என்ற பொறியாளர் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இடது, வலது என இரண்டு ஸ்பீக்கரும் சற்றே வேறுபட்ட ஒலியைத் தரும்போது, மூளை அவற்றைச் சேர்த்து நடுவில் ஒரு பாடகர் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளும். உண்மையில் நடுவில் ஸ்பீக்கர் எதுவும் கிடையாது!

இந்த மாயம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே குணம் உள்ளவையாக இருக்க வேண்டும். ஒன்று கணீரென்றும் மற்றொன்று மந்தமாகவும் இருந்தால் நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். பேலன்ஸ் குமிழைத் திருகினால் அளவைச் சமன் செய்யலாம், குணத்தைச் சமன் செய்ய முடியாது.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளில் அது காருக்குள்ளும் வந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா அறிமுகமானார். அடுத்து வந்த வருடங்களில் கேசட்டும் அவர் பாட்டும் சேர்ந்தே வாடகைக் கார், வேன், தனியார் பஸ் எல்லாவற்றிலும் ஏறின. 1977-ல் இந்தியாவின் முதல் எப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. பின்னாளில் கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து வந்த 100.5 கோடை பண்பலை தென்மாவட்டக் கார்களின் வழித்துணையானது. சி.டி. 1982-ல் வந்து, 1984-ல் காருக்குள் நுழைந்தது.

ஏ.எம்.மை விட எப்.எம்., கேசட்டை விட சி.டி. என்று ஒவ்வொரு படியிலும் ஒலியின் எல்லை விரிந்தது. எல்லை விரிய விரிய, ஸ்பீக்கர்களுக்கு இடையில் இருந்த வேற்றுமையும் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஆக, கலப்படம் புதிதாக வந்ததல்ல, அது காதுக்குக் கேட்க ஆரம்பித்ததுதான் புதிது.

கிடைத்ததை மாட்டிய வருடங்கள்

1991-க்கு முன் வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குக் கடும் கட்டுப்பாடும் வரியும் இருந்தன. துபாய், சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்தது, சென்னை பர்மா பஜாரில் கிடைத்தது, ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கியது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வந்து சேர்ந்தது. செட் ஜப்பான், ஸ்பீக்கர் உள்ளூர், ஆம்ப்ளிபயர் மெக்கானிக்கே போர்டில் சால்டரிங் செய்தது. முழு செட்டாக வாங்குவது என்ற பேச்சே பெரும்பாலோருக்கு எட்டாதது. கலப்பது அன்று ரசனைக் குறைவு அல்ல, வேறு வழியில்லாததுதான். அப்படிக் கிடைத்ததை வைத்தே பாட வைத்த மெக்கானிக்குகளின் கைத்திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

வாட் கணக்கில் ஒரு வில்லங்கம்

இஞ்சின் ஓடும்போது கார் பேட்டரியில் சுமார் 14.4 வோல்ட் கிடைக்கும். பழைய செட்டுகளில் இருந்த சாதாரண ஆம்ப்ளிபயர், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 6 வாட் தரலாம். புது செட்டுகளில் 'பிரிட்ஜ்' முறையில் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் தனித்தனி ஆம்ப்ளிபயர் இயக்குவதால் அது நாலு மடங்காகி, உச்சமாக 26 வாட் வரும். நடைமுறையில் 20 வாட் அளவுதான். அப்படியானால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் '50 வாட் x 4'? அது விளம்பர வாட்!

இங்கேதான் பழைய காரின் உண்மையான ஆபத்து இருக்கிறது. பழைய கார்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். மறுமுனையைக் கார் பாடியில் 'எர்த்' செய்திருப்பார்கள். பழைய செட்டுக்கு அது சரி. பிரிட்ஜ் முறை செட்டை அதே ஒயரிங்கில் கொடுத்தால் ஆம்ப்ளிபயர் ஐ.சி. புகைந்துவிடலாம். அதேபோல ஒரு சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். செட் தாங்க வேண்டிய கரண்ட் இரட்டிப்பாகும். பழி கம்பெனிகளைக் கலந்ததன் மேல் விழும், குற்றவாளி ஒயரிங்.

எது சேரும், எது சேராது?

1961-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல், 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் ஆகியோர் ஒரு ஸ்பீக்கரின் குணத்தைச் சில எண்களால் சொல்லிவிடும் முறையை வகுத்தார்கள். அதன் பிறகு ஸ்பீக்கரைக் கம்பெனிப் பெயரை வைத்து அல்லாமல் எண்ணை வைத்து ஒப்பிட முடிந்தது. பழைய காருக்குப் புது ஸ்பீக்கர் மாட்டுபவர் பார்க்க வேண்டியவை சில:

இடதும் வலதும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. ஒன்று கெட்டால் ஜோடியாகவே மாற்றுவது நல்லது.

ட்வீட்டரும் வூபரும் தனித்தனியாக வந்தால் ஒரே செட்டாக, அதனோடு வரும் கிராஸ்ஓவருடன் வாங்க வேண்டும். எந்தச் சுருதியில் ஒன்று நின்று மற்றொன்று தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கிராஸ்ஓவர்தான் தீர்மானிக்கிறது.

முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் வேறு கம்பெனி என்பது சேரும். ஆனால் ஓமும் உணர்திறனும் நெருங்கியிருக்க வேண்டும். ஒன்று 86 டெசிபல், மற்றொன்று 92 டெசிபல் என்றால், முதலாவதுக்கு நாலு மடங்கு வாட் கொடுத்தால்தான் சமமாக ஒலிக்கும். சின்ன வித்தியாசத்தைச் செட்டில் உள்ள பேடர் சரிசெய்துவிடும்.

சப்வூபர் எந்தக் கம்பெனியாகவும் இருக்கலாம். மிகத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் தெரியாது.

கடைசியாக, பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மாறினால் ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும், பேஸ் காணாமல் போகும். ஒரு 1.5 வோல்ட் பேட்டரிக்கட்டையை நொடி நேரம் தொட்டால் போதும். கட்டையின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் வைத்தால் கூம்பு வெளிப்பக்கம் துள்ளும். புதிதாக எதுவும் வாங்காமலே பல கார்கள் இந்தச் சோதனையால் சரியாகிவிடும்.

செண்பகத்தோப்பு வாசலில்

இதெல்லாம் வெறும் ரசனை விஷயமா? இல்லை. பொருந்தாத ஸ்பீக்கர் உள்ள காரில் குரல் தெளிவாகக் கேட்காது. தெளிவு இல்லாத இடத்தில் மனிதர் செய்வது ஒன்றுதான், சத்தத்தைக் கூட்டுவது. கூட்டினால் செட் தன் எல்லையைத் தாண்டி ஒலியைச் சிதைக்கும். ட்வீட்டர் கருகும், காதும் கெடும். காருக்கு வெளியே இருப்பவர்களுக்கோ வெறும் இரைச்சல் மட்டும் போய்ச் சேரும்.

வெளியே இருப்பவர்கள் மனிதர்கள் மட்டும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1980களின் இறுதியில் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் இது ஐந்தாவது. மரம் விட்டு மரம் தாவும் அந்த அணில்கள் ஆபத்து வந்தால் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்தே எச்சரிக்கும். அந்தக் குரலை அமுக்கும் அளவுக்குப் பாட்டு ஒலித்தால் காட்டுக்குத்தான் நஷ்டம். ஒலி மாசுக்கென்று தனி விதிகள் 2000-ல் வந்தன. ஆனால் மலையடிவாரத்தில் நிற்கும் காரின் குமிழ் விதியின் கையில் இல்லை, ஓட்டுபவரின் கையில்தான் இருக்கிறது.

அம்பாசடரின் தயாரிப்பு 2014-ல் நின்றது. மாருதி 800-ம் அதே ஆண்டில் விடைபெற்றது. மிச்சமிருக்கும் பழைய கார்களுக்கு விலையுயர்ந்த முழு செட் கட்டாயம் இல்லை. முன்னால் பொருத்தமான ஒரு ஜோடி, சரியான இரட்டை ஒயர், பிளஸ் மைனஸ் மாறாத இணைப்பு, இவை போதும். பின்னால் இருக்கும் பழைய ஸ்பீக்கர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கட்டும். அப்படி அமைந்த காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குறைந்த சத்தத்திலேயே வயலினையும் தபேலாவையும் பிரித்துக் கேட்கலாம். செண்பகத்தோப்பு வந்ததும் செட்டை அணைத்துவிட்டால், அங்கே கேட்க வேறு ஒலிகள் இருக்கின்றன.