உருளைக்கிழங்கும் பொட்டாசுப் பசளையும்



உருளைக்கிழங்கு மாப்பொருள் நிறைந்த உணவு என்பதை நாம் அறிவோம். அது பொட்டாசியம் என்னும் தாதுச்சத்தினை மிகுதியாக உண்ணும் பயிர் என்பதைப் பலர் அறியார். ஒரு தொன் கிழங்கு சந்தைக்குப் போகும்போது, அதனோடு ஏறத்தாழ 4 கிலோகிராம் பொட்டாசியமும் நிலத்தைவிட்டு நீங்குகின்றது. நைதரசனைக் காட்டிலும் இதனையே அப்பயிர் கூடுதலாக எடுக்கின்றது. எடுத்ததை நிலத்துக்கு மீளக் கொடுப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மனிதன் விடை தேடிய வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

இலையில் உண்டாகும் வெல்லம் தண்டின் வழியே இறங்கிக் கிழங்கில் மாப்பொருளாகச் சேர்வதற்குப் பொட்டாசியம் துணைபுரிகின்றது. அது குறைந்தவிடத்து முதிர்ந்த இலைகளின் ஓரம் வெண்கல நிறமடைந்து கருகும், செடி காலத்துக்கு முன்னரே மடியும், கிழங்கு சிறுக்கும்.

முற்காலத்து உழவர் அடுப்புச் சாம்பலை நிலத்திலிட்டனர். பயன் தெரிந்திருந்தது, காரணம் தெரிந்திலது. ஐரோப்பாவில் மரச்சாம்பலை நீரிற் கரைத்து, அந்நீரைச் சட்டியிற் காய்ச்சி எடுத்த உப்புக்கு, 'சட்டிச் சாம்பல்' எனப் பொருள்படும் 'பொட்டாசு' என்ற பெயர் வழங்கிற்று. 1807இல் இலண்டனில் ஹம்பிரி டேவி என்னும் அறிஞர் பொட்டாசுக் காரத்திலிருந்து மின்சாரத்தின் உதவியாற் பிரித்தெடுத்த உலோகமே பொட்டாசியம்.

1840இல் ஜேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக், பயிர்கள் மண்ணிலிருந்து தாதுப்பொருள்களை எடுக்கின்றன என்றும், அவற்றைத் திருப்பிக் கொடாவிடின் நிலம் வறிதாகும் என்றும் நூலெழுதி நிறுவினார். ஆயின், 1845இல் அவர் ஆக்கிய பசளை பயன்தரவில்லை. மழைநீர் பொட்டாசைக் கரைத்துச் சென்றுவிடும் என அஞ்சிய அவர், அதனை எளிதிற் கரையாதவாறு உருக்கிச் சேர்த்திருந்தார். நீரிற் கரையாததை வேர் எவ்வாறு உறிஞ்சும்? அவரது அச்சம் மிகையானதென்பதை 1850இல் இங்கிலாந்தில் தோமஸ் வே என்பார் காட்டினார். கரைந்த உப்பின் பொட்டாசியத்தைக் களிமண் பற்றிக்கொள்கின்றது. பின்னர் மண்ணீரினூடாகச் சிறிது சிறிதாக அது வேரினைச் சென்றடைகின்றது. மணல் நிலத்திலோ இப்பிடிப்புக் குறைவு.

அவ்வேளை ஜேர்மனியின் ஸ்டாஸ்பூட் நகரிற் கறியுப்புக்காகச் சுரங்கம் தோண்டியோர், மேற்படையிற் கிடைத்த கசப்புப்பைக் கழிவென ஒதுக்கினர். அக்கழிவே பொட்டாசு! 1861இல் அடோல்ப் பிராங்க் என்பவர் அதனைப் பசளையாக்கும் ஆலையை அங்கு நிறுவினார். காடுகளை எரித்துப் பெற்ற பொருள் நிலத்தடியிலிருந்து மலிவாக வந்தது. உலகம் முழுவதும் ஒரே நாட்டை நம்பி வாழும் நிலையும் உடன்வந்தது.

அந்நம்பிக்கையின் விலை முதலாம் உலகப் போரில் வெளிப்பட்டது. 1915இல் ஜேர்மனி பொட்டாசு ஏற்றுமதியை நிறுத்தவே, அமெரிக்காவில் அதன் விலை பத்து மடங்கிற்கும் மேலாக ஏறிற்று. அந்நாட்டார் நெபிராஸ்காவின் உவர் ஏரிகளிலும், கலிபோர்னியாக் கரையோரக் கடற்பாசியிலும், சீமெந்து ஆலைத் தூசியிலுங்கூடப் பொட்டாசைத் தேடினர். கலிபோர்னியாவின் சேள்ஸ் ஏரியிற் கிடைத்த பொட்டாசிலோ வெண்காரம் கலந்திருந்தது. 1919இல் அப்பசளை பெற்ற மேயின் மாநிலத்து உருளைக்கிழங்கு வயல்களிற் செடிகள் வெளிறிக் குன்றின. பசியாற்ற இட்ட உணவே நஞ்சாயிற்று. ஆராய்ச்சியாளர் வெண்காரமே காரணமெனக் கண்டபின் பொட்டாசைத் தூய்மைப்படுத்தும் முறைகள் திருந்தின. வெண்காரத்திலுள்ள போரன் என்னும் மூலகம் மிகச் சிறிய அளவிற் பயிருக்கு இன்றியமையாதது என்பதை 1923இல் கதரீன் வாரிங்டன் என்ற பெண்மணி இங்கிலாந்தில் நிறுவினார். நஞ்சும் உணவும் அளவினாலேயே வேறுபடுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

போரின் முடிவில் அல்சேஸ் சுரங்கங்கள் பிரான்சின் வசமாயின. 1931இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலும் பொட்டாசுச் சுரங்கம் திறக்கப்பட்டது. பின்னர்க் கனடாவின் சஸ்கச்சுவானிற் பெரும் படிவுகள் பயனுக்கு வந்தன. ஒரு நாட்டின் தனியுரிமை அழிந்தது. ஆயினும் சுரங்கமில்லா நாடுகளின் நிலை மாறவில்லை. 2021இல் நம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள் அத்தடை நீக்கப்பட்டதை நாமறிவோம். பசளை கையில் எட்டாதபோது உழவன் படும் பாட்டினை மேயின் உழவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டிருந்தனர்.

பொட்டாசு கிடைத்துவிட்டால் அள்ளியிடலாமோ எனின், ஆகாது. மிகையான பொட்டாசியம் மக்னீசியத்தை வேர் ஏற்பதைத் தடுக்கும். கிழங்கின் மாப்பொருளையும் குறைக்கும். பொட்டாசியம் குளோரைட்டிலும் பார்க்கப் பொட்டாசியம் சல்பேற்று மாப்பொருளுக்கு உகந்தது. ஆனால் விலை கூடியது. ஆகவே மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து இடுதலே அறிவுடைமை.

நைதரசனைக் காற்றிலிருந்து பெறலாம். பொட்டாசியத்துக்கு அவ்வழியில்லை, சுரங்கத்திலிருந்தோ, சாம்பலிலிருந்தோ, எருவிலிருந்தோதான் அது நிலத்தை வந்தடைய வேண்டும். அடுப்புச் சாம்பலை வீணே கொட்டாது தோட்டத்துக்கு எடுத்துச் சென்ற நம் முன்னோர், காரணம் அறியாமலே அக்கடனை ஓரளவு தீர்த்து வந்தனர். காரணம் அறிந்த நாம் அதனைக் கணக்கோடு தீர்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.