தலைமை வல்லரசு

தலைமை வல்லரசு: படைபலத்திலும் பொருள்வளத்திலும் ஏனைய நாடுகளை விஞ்சி, அவற்றிடையே நிகழும் வர்த்தகத்துக்கும் சமாதானத்துக்கும் தானே காவலாக நிற்கும் அரசு. அத்தகைய அரசொன்று உலகுக்கு இன்றியமையாததா என்பது நெடுங்கால விவாதத்துக்குரிய விஷயம்.

பழங்காலம்: கி.மு. 27 முதல் கி.பி. 180 வரை ரோமாபுரி நிலைநாட்டிய அமைதியை முதல் உதாரணமாகச் சுட்டுவது வழக்கமாயினும், அது மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த தேசங்களுக்கே உரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆட்சியின்கீழ் ஆசியத் தரைவழிகள் வணிகருக்கு ஓரளவு பத்திரமாயின.

பிரித்தானியக் காலம்: 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோல்வியுற்றது முதல் 1914 வரையுள்ள நூற்றாண்டில், சமுத்திரங்களின் ஆதிக்கம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. தனக்கு அடுத்த இரு நாடுகளின் கடற்படைகளைச் சேர்த்து எண்ணினாலும் தன் படை குறைதலாகாது என்ற கொள்கையை 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாடு உறுதிசெய்துகொண்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் 1808 முதல் 1860 வரை அதன் கப்பல்கள் சுமார் 1,600 அடிமைக் கப்பல்களைப் பிடித்து, ஏறத்தாழ 1,50,000 பேரை விடுவித்ததாகக் கணக்கிடுவர்.

பீரங்கியைக் காட்டிலும் கடல்வரைபடமே இவ்வாதிக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்தது எனலாம். பிரித்தானியக் கடற்படையார் அளந்து வரைந்த படங்களை எந்நாட்டு மாலுமியும் விலைகொடுத்து வாங்கலாம் என்றிருந்தமையால், 1884-இல் வாஷிங்டன் நகரில் 25 நாடுகள் கூடி முதல் தீர்க்கரேகையை நிர்ணயிக்க முற்பட்டபோது, உலகக் கப்பல்களிற் பெரும்பாலானவை ஏற்கெனவே கிரீன்விச் ரேகையைக் கொண்டே கணக்கிட்டுவந்தன. 22 நாடுகள் அதை ஆதரித்தன; பிரான்ஸ் வாக்களிக்கவில்லை. பின்னர் 1911-இல் இணங்கியபோதும், கிரீன்விச் என்னும் பெயரை உச்சரியாமல், பாரிஸ் நேரத்தில் 9 நிமிடமும் 21 விநாடியும் குறைத்ததே தன் சட்டபூர்வமான நேரம் என்று அந்நாடு விதித்துக்கொண்டது.

இந்நூற்றாண்டை அமைதிக்காலம் எனல் தகுமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. சீனத்தோடு நிகழ்ந்த அபினி யுத்தங்களும், கிரிமியா யுத்தமும், 1857-இல் இந்தியாவில் மூண்ட கிளர்ச்சியும் இக்காலத்தனவே. ஐரோப்பாவில் பெரும்போர் தவிர்க்கப்பட்டதற்கு வியன்னா மாநாடு வகுத்த அதிகாரச் சமநிலையே காரணம் என்பாரும் உளர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் தனி ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு அகன்றபோது, அக்கடற்காவலின் எல்லை கரையில் நின்றோர்க்கும் தெரிந்தது.

கோட்பாடு: 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அத்துணை நீண்டதற்கு, தலைமையேற்கப் பிரிட்டனுக்குச் சக்தியின்மையும் அமெரிக்காவுக்கு மனமின்மையுமே காரணம் என 1973-இல் சார்லஸ் கிண்டில்பெர்கர் வாதிட்டார். தலைமை தளர்ந்த பின்னும் அது தோற்றுவித்த ஸ்தாபனங்கள் வாயிலாக ஒத்துழைப்பு நீடிக்கக்கூடும் என்று 1984-இல் ராபர்ட் கியோஹேன் எழுதினார்.

பிற்காலம்: இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் எதிரெதிர் நின்றன. 1991-இல் பின்னது கலைந்ததும் அமெரிக்கா தனித்து நின்றது. ஈராக் யுத்தம், 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடி, சீனத்தின் வளர்ச்சி ஆகியவை அந்நிலையை எவ்வளவு மாற்றின என்பதில் கருத்தொருமை இல்லை.